பிள்ளைக்காசு: கனடாவில் அது எப்படி வருகிறது, ஏன் சிலருக்கு வராமல் போகிறது

மார்ச், ஏப்ரல் மாதங்களில் சனிக்கிழமை காலைகளில் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் பின்னறையில் இருப்பேன். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு வருமானவரிப் படிவத்தை இலவசமாக நிரப்பிக் கொடுக்கும் தன்னார்வ வேலை. சென்ற வருடம் ஓர் அக்கா தன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமியாரின் படிவம் முடிந்ததும், "உங்களுடையதைச் செய்துவிட்டீர்களா அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு வேலையே இல்லைத் தம்பி. வருமானம் இல்லாத ஆளுக்கு என்னத்துக்கு ரக்ஸ், வரிப் படிவம்?"

அவர் மடியில் நான்கு வயது மகள். வீட்டில் ஒன்பது வயதில் இன்னொரு மகன். பிள்ளை வளர்ப்புக்காக அரசு மாதாமாதம் தரும் பிள்ளைக்காசு வருகிறதா என்று கேட்டேன். "வந்த புதுசில அதைப் பற்றி ஆரோ சொன்னவை. எங்களுக்குக் கிடைக்காதாக்கும் எண்டு விட்டிட்டம்" என்றார். அவர்கள் நிரந்தர வதிவிட உரிமையோடு கனடாவுக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. கணவர் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்தக் குடும்பத்துக்கு மாதம் ஆயிரம் டொலருக்கு மேல் வந்திருக்கவேண்டும். மூன்று வருடமாக ஒரு சதம் வரவில்லை.

"எங்களுக்குக் கிடைக்காதாக்கும்" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கனடாவில் பிள்ளைக்காசு ஒரு சூத்திரம் போட்டுக் கணக்கிடும் உரிமை. யாரும் மனமிரங்கித் தருவது அல்ல. அந்தச் சூத்திரம் தெரிந்தால் அது கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பதை நாமே சொல்லிவிடலாம்.

முதலில் பெயர். இதைக் கனடா பிள்ளைகள் நலக் கொடுப்பனவு என்று சொல்லலாம். ஆங்கிலச் சுருக்கம் சி.சி.பி. நம் ஆட்கள் பலர் இன்னும் 'சைல்ட் ரக்ஸ்' என்பார்கள். அது முன்பிருந்த திட்டத்தின் பெயரில் ஒட்டியிருந்த சொல். அப்படியே வாயில் நின்றுவிட்டது. ஆனால் இந்தக் காசுக்கு வரி கிடையாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்து, அந்தப் பிள்ளையை முதன்மையாகப் பராமரிப்பவருக்கு மாதாமாதம், பெரும்பாலும் 20ஆம் திகதியை ஒட்டி, வங்கிக் கணக்குக்கு வரும். எதற்குச் செலவழித்தீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ரசீது காட்டத் தேவையில்லை.

இப்போதைய வடிவம் 2016 ஜூலையில் தொடங்கியது. ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக்கு ஏற்பத் தொகை கூடும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான கணக்கில், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 7,997 டொலர்; 6 முதல் 17 வயது வரையான பிள்ளைக்கு 6,748 டொலர். அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தால் 14,745. மாதத்துக்கு 1,228 டொலர் 75 சதம்.

முழுத் தொகையும் யாருக்குக் கிடைக்கும்? இதே 2025-26 கணக்கில், கணவன், மனைவி இருவரின் தேறிய வருமானத்தையும் கூட்டினால் 37,487 டொலரைத் தாண்டாத குடும்பத்துக்கு. தேறிய வருமானம் என்பது கையில் எடுக்கும் சம்பளம் அல்ல, மொத்தச் சம்பளமும் அல்ல. வரிப் படிவத்தில் 23600 என்று ஒரு வரி இருக்கிறது. மொத்த வருமானத்திலிருந்து சில கழிவுகள் போக அங்கே நிற்கும் எண். பிள்ளைக்காசு விஷயத்தில் அந்த ஒரு வரியைத்தான் அரசு பார்க்கிறது.

37,487ஐத் தாண்டினால் என்ன ஆகும்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

உதவித் திட்டங்களை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்று, ஒரு கோடு கிழிப்பது. கோட்டுக்குக் கீழே இருந்தால் முழுத் தொகை, ஒரு டொலர் மேலே போனாலும் ஒன்றுமில்லை. நம் ஊர்களில் பார்த்த பல திட்டங்கள் இப்படித்தான். கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் ஒருவர் கூடுதலாக உழைத்தால் உள்ளதும் போய்விடும். மற்றது, கோட்டுக்குப் பதில் ஒரு சரிவு வைப்பது. வருமானம் ஏற ஏற உதவி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கனடாவின் பிள்ளைக்காசு இந்த இரண்டாவது வகை.

சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்பது பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு பிள்ளை என்றால், 37,487க்கு மேல் வரும் ஒவ்வொரு நூறு டொலருக்கும் வருடக் காசில் 7 டொலர் குறையும். இரண்டு பிள்ளை என்றால் பதின்மூன்றரை டொலர். மூன்றுக்கு 19, நான்கும் அதற்கு மேலும் என்றால் 23. பின்பு 81,222 டொலரைத் தாண்டியதும் சரிவு மெலிகிறது: ஒரு பிள்ளைக்கு 3.2 சதவீதம், இரண்டுக்கு 5.7 சதவீதம்.

அக்காவின் வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். கணக்கு நேராக வருவதற்காகக் கணவரின் தேறிய வருமானம் 47,487 என்று வைத்துக்கொள்கிறேன், அக்காவுடையது பூச்சியம். எல்லையைத் தாண்டியது 10,000. அதில் 13.5 சதவீதம் 1,350. அதை 14,745இல் கழித்தால் 13,395. மாதத்துக்கு 1,116 டொலர். இதற்கு மேல் ஒன்ராறியோ மாகாணத்தின் பிள்ளைக் கொடுப்பனவும் அதே வைப்பில் சேர்ந்து வரும். அது இதே கணக்கு வருடத்தில், வருமானம் குறைந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு மாதம் ஏறக்குறைய 144 டொலர் வரை. அதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது.

இப்போது அக்கா பகுதிநேர வேலைக்குப் போய் வருடம் 15,000 டொலர் உழைக்கிறார் என்று வையுங்கள். குடும்ப வருமானம் 62,487. குறைப்பு 3,375. மிஞ்சுவது 11,370, மாதம் 947 டொலர் 50 சதம். அதாவது 15,000 டொலர் உள்ளே வர, மத்திய அரசின் காசில் 2,025 டொலர் போகிறது. "வேலைக்குப் போனால் பிள்ளைக்காசு நின்றுபோம்" என்று ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டுப் பரவியிருக்கும் பயத்துக்கு இந்தக் கணக்குத்தான் பதில். அது நிற்காது. குறையும். அதுவும் உழைத்ததைவிட மிகக் குறைவாகத்தான் குறையும். குடும்ப வருமானம் ஒரு லட்சம் ஆனாலும் இதே வயதில் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வருடம் 7,700 டொலருக்கு மேல் வரும்.

இதில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்ராறியோவின் கொடுப்பனவுக்கும் தனியாக ஒரு சரிவு உண்டு; அது 8 சதவீதமாகத் தேயும். இரண்டு சரிவுகளும் ஒரே வருமானத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது, அதோடு வருமானவரியும் சேரும்போது, உழைத்த நூறு டொலரில் கைக்கு வருவது கணிசமாகச் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு அரசும் தன் சரிவை மட்டும் பார்க்கிறது. இரண்டின் பாரமும் சேர்ந்து விழுவது அந்தக் குடும்பத்தின் தலையில். இது சரிசெய்யவேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

வாசல் வரிப் படிவம்

இலங்கையில் சமுர்த்தி என்ற வறுமை நிவாரணம் கிடைக்குமா என்பதை ஊர் மட்டத்து உத்தியோகத்தர்கள் பட்டியல் போட்டுத் தீர்மானித்த காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 2023இல் அதன் இடத்துக்கு வந்த அஸ்வெசும வீட்டுக்கு வந்து விவரம் எடுத்துப் புள்ளி போடுகிறது. வீட்டின் சுவர், கூரை, வாகனம், மின்சாரப் பாவனை என்று பார்ப்பார்கள். அதனால்தான் நம் ஆட்களுக்கு, 'உண்மையில் வசதியில்லை என்றால் ஆரோ வந்து பார்த்துத் தருவினம்' என்ற எண்ணம் மனதில் ஊறிக் கிடக்கிறது.

கனடாவில் யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். வரி வசூலிக்கும் அதே கனடா வருவாய் முகவரகம்தான், எல்லோரும் சி.ஆர்.ஏ. என்பது, பிள்ளைக்காசையும் கொடுக்கிறது. வரிப் படிவம் போகவில்லை என்றால் அவர்களைப் பொறுத்தவரை அந்தக் குடும்பத்தின் வருமானம் தெரியாத எண். தெரியாத எண்ணை வைத்துச் சூத்திரம் போட முடியாது. அதனால் காசும் வராது. இதில் மிகவும் வலிக்கும் விஷயம், இந்தக் காசு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே 'எனக்குத்தான் வருமானம் இல்லையே' என்று படிவம் போடாமல் விடுகிறார்கள். கணவன், மனைவி இருவரும் ஒவ்வொரு வருடமும் போடவேண்டும். ஒருவருக்கு வருமானம் பூச்சியம் என்றால் பூச்சியம் என்று எழுதிப் போடவேண்டும். ஒருவர் விட்டாலும் ஜூலையில் காசு நின்றுவிடும்.

'பிந்திப் போட்டால் தண்டம் கட்டவேணுமோ' என்ற பயமும் உண்டு. தண்டம் என்பது கட்டவேண்டிய வரியில் ஒரு பங்கு. கட்டவேண்டிய வரியே இல்லை என்றால் தண்டமும் இல்லை.

வரிப் படிவத்தைத் தவிர, தொடக்கத்தில் ஒருமுறை விண்ணப்பிக்கவும் வேண்டும். ஒன்ராறியோவில் பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்புப் பதிவின்போதே இதற்கு ஒப்புதல் கொடுத்துவிடலாம். அங்கே தாயின் சின் நம்பரை, அதாவது சமூகக் காப்புறுதி எண்ணை, சரியாக எழுதினால் போதும், மீதி தானாக நடக்கும். பிள்ளைகளோடு வந்து குடியேறியவர்கள் ஆர்.சி.66 என்ற படிவத்தையும், வருவதற்கு முன்னைய வருமானத்தையும் குடிவரவு நிலையையும் சொல்லும் அதன் இணைப்பையும் அனுப்பவேண்டும். குடியுரிமை, நிரந்தர வதிவிட உரிமை, ஏற்கப்பட்ட அகதி நிலை, இவற்றில் ஏதாவது ஒன்று பெற்றோரில் ஒருவருக்கு இருக்கவேண்டும். வேலை அனுமதியோ படிப்பு அனுமதியோ வைத்திருப்பவர்களுக்கு, கனடாவில் தொடர்ந்து 18 மாதம் இருந்தபின், 19ஆவது மாதத்திலும் அனுமதி செல்லுபடியாக இருந்தால் கிடைக்கும். அகதிக் கோரிக்கை விசாரணையில் இருக்கும் காலத்துக்குக் காசு இல்லை என்பதே நெடுங்கால விதி. பிள்ளை இங்கே பிறந்து குடியுரிமையோடு இருந்தாலும் பார்க்கப்படுவது பெற்றோரின் நிலைதான். இது நீதிமன்றம் வரை போன வழக்கு. அந்த நிலையில் இருப்பவர்கள் ஒரு சட்ட உதவி நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

காசு ஏன் தாயின் பெயரில் வருகிறது? ஒரே வீட்டில் தாயும் தகப்பனும் இருந்தால், முதன்மையாகப் பராமரிப்பவர் தாய் என்றே சி.ஆர்.ஏ. எடுத்துக்கொள்ளும். தகப்பன்தான் பார்க்கிறார் என்றால் தாய் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கவேண்டும். இதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1944இல் பிரதமர் மக்கென்சி கிங்கின் அரசு குடும்பக் கொடுப்பனவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1945 ஜூலையில் முதல் காசோலைகள் போயின. பிள்ளையின் வயதைப் பொறுத்து மாதம் 5 முதல் 8 டொலர், ஏழை பணக்காரர் எல்லோருக்கும் ஒரே மாதிரி. கியூபெக் மாகாணத்தில் மட்டும் குடும்பத் தலைவர் கணவரே என்ற சட்டத்தைக் காட்டி அதைத் தகப்பன் பெயருக்கு அனுப்பப் பார்த்தார்கள். தெரேஸ் காஸ்கிரான் என்ற பெண்ணுரிமைப் போராளி அதை எதிர்த்து நின்றார். காசோலை தாயின் பெயருக்கே போனது. தன் பெயரில் வரும் முதல் காசாக அது எத்தனையோ பெண்களுக்கு இருந்திருக்கும். நூலக அறையில் என் முன்னால் வந்து உட்காரும் பெண்களில் சிலருக்கு இன்றைக்கும் அப்படித்தான்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி என்ற அந்தத் திட்டம் 1990களின் தொடக்கத்தில் முடிந்து, வருமானம் பார்த்துக் கொடுக்கும் முறை வந்தது. 2006இல் மறுபடி, ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மாதம் 100 டொலர் எல்லோருக்கும் என்று ஒரு கொடுப்பனவு சேர்ந்தது. 2016இல் இவற்றையெல்லாம் ஒன்றாக்கி, மேலே உள்ளவர்களுக்குக் குறைத்துக் கீழே உள்ளவர்களுக்குக் கூட்டியதுதான் இன்றைய பிள்ளைக்காசு. எல்லோருக்கும் கொடுப்பதா, தேவைப்படுவோருக்குக் கொடுப்பதா என்ற பழைய வாதத்துக்குச் சரிவு ஒரு நடுவழி. ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் ஏதோ ஒரு தொகை வருவதால் அதை வாங்க யாரும் கூச்சப்படுவதில்லை.

பலன் இருந்ததா? கனடா வறுமையை அளப்பது ஒரு சந்தைக்கூடையை வைத்து: அந்தந்த ஊரில் சாப்பாடு, உடுப்பு, வீடு, போக்குவரத்து ஆகியவற்றுக்கு அடிப்படையாக என்ன செலவாகும் என்று பார்த்து, அதற்குப் போதாத வருமானம் வறுமை. இந்த அளவின்படி 2015இல் 16 சதவீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் வறுமையில் இருந்தார்கள். 2020இல், கொரோனாக் கால உதவிகளும் சேர்ந்து, அது 5 சதவீதத்துக்கும் கீழே போனது. பின்பு அந்தத் தற்காலிக உதவிகள் நின்றன, வாடகையும் சாப்பாட்டு விலையும் ஏறின. 2022இல் 10 சதவீதத்தை நெருங்கிவிட்டது. காசு கொடுத்தால் வறுமை இறங்குகிறது. விலைக்கு ஈடுகொடுக்காவிட்டால் மறுபடி ஏறுகிறது.

'காசாகக் கொடுத்தால் குடித்து அழிப்பார்கள்' என்பார்கள் சிலர். கெவின் மில்லிகன், மார்க் ஸ்டபைல் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் கனடாவின் பிள்ளைக் கொடுப்பனவுகளை ஆராய்ந்தபோது, கொடுப்பனவு கூடியதோடு பிள்ளைகளின் கல்வித் தேர்ச்சியும் தாய்மாரின் மனநலமும் மேம்பட்டிருந்ததைக் கண்டார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. மாதக் கடைசியில் வாடகைக்கு என்ன செய்வது என்ற யோசனை இல்லாத வீட்டில் பிள்ளைக்குக் கதை சொல்ல ஓர் ஆள் இருக்கும்.

கவனிக்கவேண்டிய சில இடங்கள்

காசு எப்போதும் பழைய வருமானத்தைப் பார்த்துத்தான் வரும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை வருவது 2024இன் வருமானத்துக்கு. 2025 ஜனவரியில் வேலை போன ஒரு வீட்டுக்கு, அந்த இழப்பு பிள்ளைக்காசில் தெரிவது 2026 ஜூலையில். பதினெட்டு மாதம்! இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். வேலை போன வீட்டுக்கு உதவி அந்த மாதமே வேண்டும்.

ஆனால் குடும்பநிலை மாறினால் இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. கணவன் மனைவி பிரிந்து 90 நாள் ஆகிவிட்டால் சி.ஆர்.ஏ.க்கு அறிவிக்கவேண்டும், அதன்பின் பிள்ளைகளைப் பராமரிப்பவரின் வருமானத்தை மட்டும் வைத்துத் திரும்பக் கணக்கிடுவார்கள். பல வருடம் தனியாகப் பிள்ளை வளர்த்தும், வெட்கத்தில் பிரிவைச் சொல்லாமல் குறைந்த காசை வாங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படிவத்தில் ஊருக்குத் தெரிய எதுவும் இல்லை. மறுபக்கம், ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிரிந்துவிட்டதாக எழுதச் சொல்லும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பிடிபட்டால் வாங்கிய காசு முழுவதையும் திருப்பிக் கேட்பார்கள். பின்னால் வரும் பிள்ளைக்காசிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம், நேர்மையாகவே காசைக் கூட்டிக்கொள்ளும் வழிகள் உண்டு. பிள்ளைப் பராமரிப்புக்குக் கொடுத்த காசு, தொழிற்சங்கச் சந்தா, ஆர்.ஆர்.எஸ்.பி. ஓய்வூதியச் சேமிப்பு, இவையெல்லாம் 23600ஆம் வரிக்கு முன்பே கழிபடும். அந்த வரி குறைந்தால் பிள்ளைக்காசு கூடும். அக்காவின் வீட்டில் 5,000 டொலர் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போட்டால், வரியில் வரும் மிச்சத்துக்கு மேல், பிள்ளைக்காசிலும் 675 டொலர் கூடும். பிள்ளையைப் பார்க்கும் வீட்டு அன்ரியிடம் ரசீது வாங்குவதைக் கூச்சமாக நினைக்காதீர்கள்.

வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் மேற்படிப்புக்காக அரசு தரும் கற்றல் பத்திரமும் பலருக்குத் தெரியாது. வங்கியில் பிள்ளையின் பெயரில் கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்தால், நாம் ஒரு சதமும் போடாமலே முதலில் 500 டொலர், பிறகு தகுதியுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் 100 டொலர் என்று மொத்தம் 2,000 வரை அரசே போடும்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். பிள்ளைக்காசைப் பத்து வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. விட்ட வருடங்களுக்கெல்லாம் படிவம் போட்டோம். பதினொரு மாதத்துக்கு மேல் பின்னால் போனால் ஆதாரம் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம், மகனின் பள்ளிக்கூடக் கடிதம், மருத்துவரின் கடிதம் என்று ஒரு கடைப் பை நிறையக் கொண்டுவந்தார். சில மாதத்தில் பழைய காசு மொத்தமாக வந்துசேர்ந்தது.

இந்த ஏப்ரலில் மறுபடி வந்தார். மாமியாரின் கடதாசிகளோடு, தன் பெயரில் ஒரு ரி4 தாளும், வேலை கொடுத்தவர் தரும் வருடச் சம்பளத் தாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் சேர்ந்திருக்கிறார். வருடத்துக்கு 4,000 டொலர்.

"ஆடியில இருந்து எவ்வளவு குறையும் எண்டு இப்பவே சொல்லுங்கோ தம்பி. அதைப் பார்த்துத்தான் மகனை நீச்சலுக்குச் சேர்க்கவேணும்."

இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். 4,000இல் பதின்மூன்றரை சதவீதம் 540, மாதத்துக்கு 45. ஒன்ராறியோவின் காசில் 320, மாதத்துக்கு 27. மொத்தம் 72 டொலர். உழைப்பு மாதம் 333. ஒரு பழுப்பு உறையின் பின்பக்கத்தில் 333ஐ எழுதி, அதன் கீழே 72ஐ எழுதிக் கழித்துப் பார்த்துவிட்டு, நீச்சல் வகுப்புக்கு எங்கே பதியவேண்டும் என்று கேட்டார்.